ஓய்வுநாளைக் காத்த பானை

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அலுவலகத்துக்கு விடுமுறை, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, பெரும்பாலான ஆலைகளுக்கும் விடுமுறை. ஆனால் நம் வீட்டு அடுக்களைக்கு என்றேனும் விடுமுறை உண்டா? மற்ற ஆறு நாள்களைக் காட்டிலும் ஞாயிறன்றுதான் அங்கே அரைப்பு மிகுதி, பொரிப்பு மிகுதி, கழுவிக் கவிழ்க்க வேண்டிய பாத்திரங்களும் மிகுதி. திருப்பலி முடிந்து மற்றவர்கள் கோயில் முற்றத்தில் நின்று ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருக்கையில், கறி வாங்கிவிட்டார்களா, உலை வைக்க நேரமாயிற்றே என்ற கவலையோடு விரைந்து நடக்கும் தாய்மார்களை எந்தப் பங்கிலும் காணலாம். ஆண்டவரின் நாள் எல்லாருக்கும் ஓய்வு தருகிறது; அவர்களுக்கு மட்டும் இரட்டிப்பு வேலை தருகிறது.

இது நமக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஓய்வுநாளைக் கண்டிப்புடன் கடைப்பிடிக்க முற்பட்ட மக்கள் எல்லாரும் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. உழைப்பை நிறுத்தலாம், பசியை நிறுத்த முடியுமா? இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதி மக்கள் ஒரு மண்பானையைக் கொண்டு விடை கண்டனர். காய்ந்த பீன்ஸ் விதைகளையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் அப்பானையில் இட்டு, ஒரு பகல் முழுவதும் இளஞ்சூட்டில் வேகவைத்து உண்டனர். ‘பாஸ்டன் பேக்ட் பீன்ஸ்’ என்று உலகெங்கும் பெயர் பெற்ற உணவு அதுவே. அதன் வரலாற்றையும், வீட்டில் அதைச் செய்யும் முறையையும், அது நமக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

சனிக்கிழமை மாலையில் தொடங்கிய ஞாயிறு

பாஸ்டன் நகரம் 1630-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதை நிறுவியவர்கள் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து குடியேறிய பியூரிட்டன்கள் எனும் சீர்திருத்தச் சபையினர். நியூ இங்கிலாந்து எனப்படும் அப்பகுதியின் பழக்கவழக்கங்களை வகுத்தவர்கள் அவர்களே. அவர்களுடைய வழிவந்த சபையினரே பாஸ்டனில் தலைமையகம் அமைத்து, 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் அமெரிக்க மிஷனை அனுப்பினர் என்பதை நினைவுகூர்ந்தால், அவர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர் என்பது விளங்கும்.

பியூரிட்டன்கள் நம் திருச்சபையிடம் அன்பு பாராட்டியவர்கள் அல்லர். தங்கள் குடியேற்றத்தில் இயேசு சபைக் குருக்கள் கால் வைக்கலாகாது என்று 1647-இல் சட்டம் இயற்றினர். கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் விதித்தனர். அச்சட்டம் 1681-இல்தான் நீங்கியது. ஆயினும் நன்மை எங்கிருந்தாலும் அதை ஏற்றுப் போற்றுவதே கிறிஸ்தவ மாண்பு. ஆண்டவரின் நாளைப் புனிதமாகக் காப்பதில் அவர்களுக்கிருந்த உறுதி நம்மை வியக்க வைப்பது.

அவர்களுடைய கணக்கில் ஓய்வுநாள் ஞாயிறு விடியலில் தொடங்கவில்லை. விவிலிய வழக்கப்படி, சனிக்கிழமை கதிரவன் மறைந்ததுமே தொடங்கி, ஞாயிறு கதிரவன் மறையும்வரை நீடித்தது. அந்நேரத்தில் வயல் வேலை இல்லை, வாணிகம் இல்லை, விளையாட்டும் இல்லை. சமையல் வேலையையும் இயன்றவரை தவிர்த்தனர். பகல் முழுவதும் வழிபாட்டுக் கூடத்தில் நீண்ட மறையுரைகள்.

ஆகவே இல்லத்தரசிகள் வெள்ளி இரவே பீன்ஸை நீரில் ஊறவைத்தனர். சனிக்கிழமை காலையில் அதை வேகவைத்துப் பானையில் நிரப்பிச் செங்கல் அடுப்பினுள் வைத்தனர். அக்காலத்துச் செங்கல் அடுப்பு என்பது நம் ஊர் ரொட்டிக் கடை அடுப்பைப் போன்றது. அதனுள்ளேயே விறகை எரித்துச் செங்கற்களைக் காயவைப்பர். நெருப்பு எரிந்து அடங்கியதும் தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, செங்கற்களில் தேங்கிய சூட்டிலேயே பண்டங்களை வேகவைப்பர். ரொட்டி முதலியன சூடு மிகுந்திருக்கும்போதே வெந்துவிடும். பீன்ஸ் பானையோ சூடு மெல்ல மெல்லக் குறையும் நீண்ட நேரம் முழுவதும் உள்ளேயே இருக்கும். சனிக்கிழமை இரவு உணவுக்கு அதைத் திறப்பர். எஞ்சியதை மீண்டும் அடுப்பினுள் வைத்துவிட்டால், ஞாயிறு காலையிலும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆண்டவரின் நாளில் அடுப்பு மூட்ட வேண்டிய தேவையே இல்லை.

பாஸ்டன் நகரில் மற்றொரு நல்ல வழக்கமும் இருந்தது. ரொட்டிக் கடைக்காரர் சனிக்கிழமை காலையில் வீடுகளிலிருந்து பீன்ஸ் பானைகளை வாங்கிச் சென்று, தம் பெரிய அடுப்பில் ஒன்றாக வைத்து, மாலையில் பழுப்பு நிற ரொட்டியுடன் அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பார். ஊர்ப் பானைகள் அனைத்தும் ஒரே அடுப்பில்! இவ்வுணவால் பாஸ்டனுக்கே ‘பீன் டவுன்’, அதாவது பீன்ஸ் நகரம், என்ற செல்லப் பெயர் ஏற்பட்டது.

பிற்காலத்தில் கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து நியூ இங்கிலாந்தின் நெசவாலை நகரங்களுக்குப் பிழைக்க வந்த பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பங்களும் இதே போன்ற உணவை உண்டு வந்தன. ‘ஃபேவ் ஓ லார்’ என்பது அவர்கள் இட்ட பெயர். மேப்பிள் மரத்தின் இனிப்புச் சாற்றை அதில் சேர்ப்போரும் உண்டு. மேய்ன் மாநிலத்துக் காடுகளில் மரம் வெட்டுவோர், மண்ணில் குழி தோண்டி, அதில் விறகெரித்துத் தணலாக்கி, இரும்புப் பானையை இறக்கி மண்ணால் மூடிவிடுவர். மறுநாள் திறக்கும்போது உணவு ஆயத்தமாக இருக்கும். கோயில் மண்டபங்களில் ஊரார் கூடிச் சனிக்கிழமைதோறும் பீன்ஸ் விருந்து உண்ணும் வழக்கம் மேய்ன் மாநிலத்தில் இன்னும் மறையவில்லை.

இதற்கு முன்னோடி யார்?

ஓய்வுநாளுக்கு முன்தினமே உணவை ஆயத்தம் செய்யும் முறை பியூரிட்டன்கள் கண்டுபிடித்ததன்று. விடுதலைப் பயண நூலின் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாலைவனத்தில் மன்னா பொழிந்தபோது, ஆறாம் நாளில் இரு மடங்கு சேகரித்து, சுட வேண்டியதைச் சுட்டும், வேகவைக்க வேண்டியதை வேகவைத்தும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுமாறு இஸ்ரயேலர் பணிக்கப்பட்டனர். அதே நூலின் 35-ஆம் அதிகாரம் ஓய்வுநாளில் இல்லங்களில் நெருப்பு மூட்டுவதையே விலக்குகிறது.

இக்கட்டளையைக் காத்த யூதக் குடும்பங்களில் உருவானதே ‘ஹமீன்’ அல்லது ‘சோலண்ட்’ எனும் உணவு. பயறு வகை, தானியம், இறைச்சி ஆகியவற்றை ஒரு பானையிலிட்டு, வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன் அடுப்பேற்றி, மறுநாள் நண்பகலில் திறந்து உண்பர். கிழக்கு ஐரோப்பாவில் யூதர்களும் தங்கள் பானைகளை ஊர் ரொட்டிக் கடை அடுப்பில் வைத்தனர். கடலுக்கு அப்பால், வேறொரு நூற்றாண்டில், வேறொரு சமயத்தார் அதே விடையை அடைந்தது எதைக் காட்டுகிறது? ஓய்வு என்பது தானாக வந்து சேர்வதன்று. முன்கூட்டியே ஆயத்தம் செய்து பெற வேண்டியது என்பதைத்தான்.

செய்முறை

ஆறு பேருக்குப் போதுமான அளவு இது: காய்ந்த சிறு வெள்ளை பீன்ஸ் விதை ½ கிலோ, பேக்கன் 200 கிராம், நடுத்தரப் பெரிய வெங்காயம் 1, மொலாசஸ் 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 2 மேசைக் கரண்டி, கடுகுத் தூள் 2 தேக்கரண்டி, மிளகுத் தூள் ½ தேக்கரண்டி, உப்பு சுமார் 1½ தேக்கரண்டி.

இவற்றுள் சிலவற்றைப் பற்றி விளக்கம் தேவை. பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியை உப்பிட்டுப் புகையூட்டிப் பதப்படுத்தியது. பழைய முறையில் புகையூட்டாத, உப்பு மட்டும் இட்ட கொழுப்பிறைச்சியையே பயன்படுத்தினர். மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கருநிறப் பாகு. அது கிட்டாத இடத்தில் கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிச் சேர்க்கலாம்; சுவை சற்று வேறுபட்டாலும் பொருந்தும். வெள்ளை பீன்ஸ் கிடைக்காவிடில் கடைகளில் விற்கும் வெள்ளை ராஜ்மாவை வாங்கலாம். புதிய விதையாகப் பார்த்து வாங்குக. ஆண்டுக்கணக்கில் மூட்டையில் கிடந்த விதை எவ்வளவு வேகவைத்தாலும் மெதுவாகாது.

முதல் நாள் இரவு: விதைகளைப் பொறுக்கிக் கழுவி, மும்மடங்கு நீரில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைக்கவும். அந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்தால் தோல் விரைவில் மெதுவாகும். காலையில் அந்நீரைக் கொட்டிவிட்டு விதைகளை அலசவும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும்.

மறுநாள் காலை: புதிய நீர் ஊற்றி விதைகளை நன்றாகக் கொதிக்கவிடவும். தளதளவென்று கொதிக்கும் நிலையிலேயே குறைந்தது பத்து நிமிடமாவது இருக்க வேண்டும். பின் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரமளவு வேகவைக்கவும். பதம் பார்க்கப் பாஸ்டன் சமையற்காரர்கள் ஓர் எளிய வழி வைத்திருந்தனர். கரண்டியில் நாலைந்து விதைகளை எடுத்து வாயால் ஊதவும். தோல் வெடித்துச் சுருண்டால் பதம் சரி. வெந்த நீரை வடித்துத் தனியே வைத்துக்கொள்ளவும்.

பானையில் அடுக்குதல்: வாய் குறுகி வயிறு பருத்த பானையே இதற்கு உகந்தது, நீர் விரைவில் ஆவியாகாது. அடிகனமான மூடியுள்ள பாத்திரமும் போதும். அடியில் வெங்காயத்தை முழுதாக வைத்து, பேக்கனில் பாதியைத் துண்டாக்கிப் பரப்பி, அதன்மேல் விதைகளை நிரப்பவும். மொலாசஸ், சர்க்கரை, கடுகுத் தூள், மிளகுத் தூள், உப்பு ஆகியவற்றைக் கொதிநீரில் கலந்து ஊற்றவும். பேக்கன் உப்பு மிகுந்ததாயின் உப்பைக் குறைக்கவும். எஞ்சிய பேக்கனை மேலே பதித்து, விதைகள் மூழ்குமளவு வடித்து வைத்த நீரைச் சேர்த்து மூடவும்.

அடுப்பில்: 120 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஆறு முதல் எட்டு மணி நேரம் அவனில் இருக்கட்டும். ஒன்றரை மணிக்கொரு முறை திறந்து பார்த்து, நீர் வற்றியிருந்தால் கொதிநீரே சேர்க்கவும், கிளறவேண்டாம். கடைசி ஒரு மணி நேரம் மூடியை அகற்றிவிட்டால் மேற்பகுதி செம்பழுப்பாகிப் பேக்கன் முறுகும். அவன் இல்லாத வீட்டில் அடிகனமான பாத்திரத்தை மிகக் குறைந்த தீயில் வைத்து, அடி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். மேற்புறம் முறுகாது, சுவைக்குக் குறைவில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும், பன்றி இறைச்சி உண்ணாதவர் வீட்டிலும், பேக்கனுக்கு மாற்றாகச் சிறிது வெண்ணெயோ எண்ணெயோ சேர்த்துச் சமைக்கலாம். ரொட்டியுடன் உண்பது வழக்கம். பயற்றில் குறைவாகவுள்ள சத்துக்கூற்றைத் தானியமும், தானியத்தில் குறைவாகவுள்ளதைப் பயறும் நிறைவு செய்கின்றன. நம் இட்டிலியில் அரிசியும் உளுந்தும் சேர்வதும் இவ்வாறே.

இரு எச்சரிக்கைகள்

முதலாவது: பீன்ஸ் இன விதைகளில் பைட்டோஹீமாக்ளூட்டினின் எனும் நச்சுத்தன்மையுள்ள புரதம் உண்டு. சிவப்பு ராஜ்மாவில் அது மிகுதி, வெள்ளையில் குறைவு. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். கொதிநிலையை எட்டாத இளஞ்சூட்டில் மட்டும் வேகவைத்தால் அழியாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். மின்சாரத்தில் இயங்கும் ‘ஸ்லோ குக்கர்’ வைத்திருப்போர் ஊறிய விதைகளை நேரே அதில் போடாமல், முன்கூறியவாறு அடுப்பில் கொதிக்கவைத்த பின்னரே இடவேண்டும். இளஞ்சூடு நல்லதுதான், ஆனால் கொதிப்பு முந்த வேண்டும்.

இரண்டாவது: பாஸ்டன் மக்கள் எஞ்சிய உணவை இரவெல்லாம் அடுப்பினுள் விட்டது பனி பெய்யும் நாட்டில், சூடு தேங்கி நிற்கும் செங்கல் அடுப்பில். நம் வெப்ப நாட்டில் ஆறிப்போன உணவை வெளியே வைப்பது தகாது. சனிக்கிழமை செய்ததை ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஞாயிறன்று நன்றாகக் கொதிக்கச் சூடாக்கினால் போதும். மறுநாள் அதன் சுவை கூடியிருப்பதையும் காண்பீர்கள்.

மெல்ல வேகுவதன் மறைபொருள்

எட்டு மணி நேரம் வெந்தும் விதைகள் ஏன் குழைந்து கூழாவதில்லை? நம் தாய்மார்களுக்கு இதன் விடை தெரியும். பருப்பு வேகுமுன் புளியை விட்டால் பருப்பு வேகாமல் நின்றுவிடும் அல்லவா? புளிப்பு, விதையின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் எனும் பொருளை இறுக்கிப் பிடிக்கிறது. மொலாசஸிலும் புளிப்புத்தன்மை உண்டு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பெக்டினை உறுதியாக்குகிறது. ஆகவேதான் விதையை முதலில் வெறும் நீரில் மெதுவாக்கி, பின்னரே இனிப்பைச் சேர்க்கிறோம். உள்ளே வெண்ணெய் போன்ற மென்மை. வெளியே உடையாத வடிவம். அதற்குள் இறைச்சியின் கெட்டியான தசைநார்கள் கரைந்து கூழாகிச் சாற்றோடு கலக்கின்றன. அவசரத் தீயால் ஆகாத ஒன்றை நேரம் ஆக்கித் தருகிறது.

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது?

இதுவரை இப்பானையைப் புகழ்ந்தோம். ஆனால் அதிலுள்ள கருநிறப் பாகின் கதையைக் கூறாமல் விட்டால் உண்மையைப் பாதி மறைத்தவர் ஆவோம்.

மசசூசெட்ஸ் நாட்டில் கரும்பு விளையாது. மொலாசஸ் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தது. அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். நியூ இங்கிலாந்துக் கப்பல்கள் கருவாட்டையும் மரத்தையும் அங்கே கொண்டுபோய் விற்று, மொலாசஸை ஏற்றி வந்தன. அதிலிருந்து ரம் எனும் மது காய்ச்சப்பட்டது. அம்மதுவின் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கடற்கரைக்குச் சென்று, மேலும் மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்டது. இவ்வாணிகம் எவ்வளவு பெரிதாக இருந்ததெனில், 1733-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் மொலாசஸுக்கென்றே தனி வரிச் சட்டம் இயற்றியது.

லிடியா மரியா சைல்ட் எனும் மாசசூசெட்ஸ் பெண் எழுத்தாளர் 1829-இல் சிக்கனமான இல்லத்தரசிகளுக்காக ஒரு நூல் வெளியிட்டார். அதில் இப்பானை உணவுக்குக் குறிப்பு உண்டு: பீன்ஸ், பன்றி இறைச்சி, சிறிது மிளகு, அவ்வளவே. இனிப்பு என்ற பேச்சே இல்லை. அந்நூல் வீடுதோறும் விரும்பி வாங்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1833-இல், அதே பெண்மணி அடிமை முறையை உடனே ஒழிக்க வேண்டும் என்று வாதாடி மற்றொரு நூலை எழுதினார். அதுவரை அவரைப் போற்றிய பாஸ்டன் சமுதாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருடைய நூல்களின் விற்பனை சரிந்தது. அவர் நடத்திவந்த சிறுவர் இதழுக்குச் சந்தா செலுத்தியோர் விலகினர். அவரோ பின்வாங்கவில்லை. சமையற்கட்டுக்கு நல்வழி கூறிய அதே கை, மனச்சான்றுக்கும் நல்வழி கூறிற்று.

ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாஸ்டன் சமையல் நூலில் இவ்வுணவுக்கு மொலாசஸும் சர்க்கரையும் கூறப்பட்டுள்ளன. இடைப்பட்ட ஆண்டுகளில் பானை இனிப்பாகிவிட்டது. அக்காலத்தில் அமெரிக்கா மொலாசஸை மிகுதியாக வாங்கிய நாடுகளில் கியூபாவும் ஒன்று. அங்கே அடிமை முறை 1886-இல்தான் ஒழிந்தது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த தீவுகளில் அடிமைகள் 1834-இல் சட்டப்படி விடுவிக்கப்பட்டபின், கரும்பு வெட்ட வேறு கைகள் தேவைப்பட்டன. மொரீசியஸ் தீவுக்கும், 1853 முதல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்த்தினிக் தீவுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோரில் தமிழர் பலர். அத்தோட்டங்களில் அவர்கள் சிந்திய கண்ணீரை நம் முன்னோர் அறிவர். ஆகவே கரும்பின் இனிப்பைப் பற்றிப் பேசும்போது, அது யாரோ முன்பின் அறியாதவரின் துன்பம் என்று நாம் கூறிவிட முடியாது.

இப்போது இணைச்சட்ட நூலின் 5-ஆம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவருக்கு மட்டும் தரப்படவில்லை. மகனும் மகளும், வேலைக்காரனும் வேலைக்காரியும், வீட்டில் தங்கும் அந்நியரும், மாடும் கழுதையும்கூட ஓய்வு பெற வேண்டும் என்று அது வரிசையாகக் கூறுகிறது. காரணமும் கூறுகிறது: நீங்களும் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள் என்பதை நினைவிற்கொள்ளுங்கள் என்பதே அது. பாஸ்டன் வீட்டில் அன்று ஓய்வுநாள் மிகக் கண்டிப்பாகக் காக்கப்பட்டது. ஆனால் அந்த ஓய்வுநாளின் உணவில் ஓய்வே அறியாதவர்களின் உழைப்புக் கலந்திருந்தது. அடுப்பை அணைத்தவர்கள், தங்கள் ஓய்வு யாருடைய முதுகின்மேல் அமைந்தது என்று கேட்க மறந்தனர். கேட்டவர்களோ, லிடியா சைல்டைப் போல் ஒதுக்கப்பட்டனர்.

நம் வீட்டு ஞாயிறு

பிறர் குற்றத்தைக் காண்பது எளிது. நம் ஞாயிற்றுக்கிழமையை நாம் ஆராய்ந்து பார்ப்போமா?

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247-ஆம் விதி, ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்பதோடு, ஆண்டவரின் நாளுக்குரிய மகிழ்வையும், உள்ளத்துக்கும் உடலுக்கும் தேவையான ஓய்வையும் கெடுக்கும் வேலைகளைத் தவிர்க்குமாறு பணிக்கிறது. இவ்விதி ஆண்களுக்கு மட்டும் எழுதப்பட்டதா? தாய்க்கு அந்த மகிழ்வும் ஓய்வும் வேண்டாமா? அவர் திருப்பலியில் நிற்கும்போது அவருடைய உள்ளம் அடுப்பில் நின்றால், குற்றம் அவருடையதா, ஞாயிறென்றால் மூன்று வகைக் கறி வேண்டும் என்று எதிர்பார்க்கும் நம்முடையதா?

சிலர், “ஓட்டலில் வாங்கி உண்டால் போகிறது, வீட்டுக்காரிக்கு ஓய்வு கிடைக்கும்” என்பர். ஓரோர் நாள் அதுவும் நன்றே. ஆனால் அங்கே மேசை துடைக்கும் இளைஞனுக்கும், வாசலில் உணவுப் பொட்டலத்தோடு வந்து நிற்பவனுக்கும் ஓய்வுநாள் எது? நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள், கூலி குறைக்காமல் விடுப்பு அளிக்கிறோமா? நம் ஓய்வுக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வி பாஸ்டனோடு முடிந்துவிடவில்லை.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. சனிக்கிழமை மாலை போதும். பீன்ஸ் பானையே வேண்டும் என்பதும் இல்லை. மறுநாளுக்குச் சுவை கூடும் புளிக்குழம்பும் மீன்குழம்பும் நம்மிடம் இல்லையா? இட்டிலி மாவு இல்லாத வீடு உண்டா? வெள்ளி இரவு விதையைப் பொறுக்கி ஊறவைப்பது பிள்ளைகளின் வேலையாகட்டும். சனிக்கிழமை வெங்காயம் உரிப்பதும், ஒன்றரை மணிக்கொரு முறை பானையைப் பார்ப்பதும் தந்தையின் வேலையாகட்டும். ஞாயிறன்று சூடாக்கிப் பரிமாறுவதும், உண்ட தட்டை அவரவரே கழுவுவதும் எல்லாருடைய வேலையுமாகட்டும். பானை சிறிது பெரிதாக இருந்தால், தனித்து வாழும் அண்டை வீட்டு முதியவருக்கும் ஒரு கிண்ணம் போகட்டும்.

ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டாக்கப்பட்டது என்று நம் ஆண்டவர் கற்பித்தார். மனிதர் என்ற சொல்லில் அடுக்களையில் நிற்பவரும் அடங்குவர். வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின் அவரும் கோயில் முற்றத்தில் அவசரமின்றி நின்று பேசிவிட்டு வரட்டும். வீட்டில் உணவு ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது.